முறிந்த கிளை ஏன் இலையை விடவில்லை?

எங்கள் ஆலய வளாகத்தின் மேற்கு மூலையில் ஒரு நாட்டு வாதாம் மரம் நிற்கிறது. குடைமேல் குடை வைத்ததுபோல் தட்டுத் தட்டாகக் கிளை விரித்த மரம். மழை இல்லாத ஞாயிறுகளில் அதன் அடியில்தான் எங்கள் சண்டே ஸ்கூல் நடக்கும். லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள், நெருங்கும்போது அதன் இலைகள் மஞ்சளாகி, பிறகு செக்கச் சிவந்து, ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். மணியடிக்கிற தாத்தா விடியற்காலையில் ஒரு தடவை பெருக்குவார். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது பெருக்கிய அடையாளமே இருக்காது. “நான் கூட்டக் கூட்ட இது கொட்டிக்கிட்டே இருக்கு” என்று மரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்.

அந்த மரத்தில் ஒரு கிளை ஐப்பசிக் காற்றில் முறிந்துபோனது. முழுதாக விழவில்லை, பட்டை நாரில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. உயரத்தில் இருந்ததால் யாரும் வெட்டவும் இல்லை. லெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தபோது மரம் ஏறத்தாழ மொட்டை. அந்த முறிந்த கிளையில் மட்டும் காய்ந்து சுருண்ட பழுப்பு இலைகள் கொத்துக் கொத்தாக அப்படியே இருந்தன.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “அக்கா, உயிரோட இருக்கிற கிளையெல்லாம் இலையைக் கொட்டிடுச்சு. செத்துப்போன கிளை மட்டும் கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு. தலைகீழா இருக்கே?”

நான் வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கிறவள். அந்த மரத்தடியில் எத்தனையோ வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு ஆயத்தம் செய்து வந்த பாடத்தை மூடி வைத்துவிட்டேன்.

முதலில் ஒரு சோதனை செய்தோம். தாழ்ந்த கிளையில் பச்சையாக இருந்த இலை ஒன்றை ஒரு பையனை இழுக்கச் சொன்னேன். அது லேசில் வரவில்லை. வந்தபோது கிளையின் பட்டையையும் கொஞ்சம் உரித்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் சிவந்திருந்த இன்னொரு இலையைத் தொடச் சொன்னேன். தொட்டதுதான் தாமதம், கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் காயம் இல்லை. சின்னதாக, சுத்தமாக ஒரு வடு மட்டும்.

பழுத்த இலை காற்றடித்து விழுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். காற்று செய்வது கடைசி வேலை மட்டும். உள்ளே பல நாட்களாக ஒரு பெரிய ஏற்பாடு நடந்திருக்கும்.

இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், காம்புக்குக் குறுக்கே, மிகச் சிறிய செல்கள் சில வரிசை இருக்கின்றன. இதை உதிர்தல் அடுக்கு என்பார்கள். இலை நன்றாக வேலை செய்யும் காலத்தில் அது ஆக்சின் என்ற பொருளைச் செய்து காம்பு வழியாகக் கிளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். “நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்” என்று சொல்லி அனுப்புவதுபோல. அந்தச் சேதி வரும்வரை உதிர்தல் அடுக்கு சும்மா இருக்கும். இலைக்கு வயதாகும்போது ஆக்சின் குறைகிறது. அப்போது எத்திலீன் என்ற வாயுவின் கை ஓங்குகிறது. அடுக்கில் உள்ள செல்கள் விழித்துக்கொண்டு நொதிகளைச் செய்கின்றன. அந்த நொதிகள் ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கின்றன. கொய்யாப்பழ ஜெல்லி கெட்டியாக உறைகிறதல்லவா, அதற்குக் காரணமும் இதே பெக்டின்தான். பசை கரையக் கரைய இலை கடைசியில் சில மெல்லிய குழாய்களில் மட்டும் தொங்குகிறது. அப்புறம் காற்றோ, காகத்தின் காலோ, தன் சொந்தப் பாரமோ போதும். கிளைப் பக்கத்தில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து அந்த வாயை மூடிவிடும். தண்ணீர் ஒழுகாது, கிருமியும் எளிதில் நுழையாது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டதா? நொதியைச் செய்ய உயிருள்ள செல் வேண்டும். பசையைக் கரைக்க, வாயை மூட, எல்லாவற்றுக்கும் உயிர் வேண்டும். முறிந்த கிளைக்குத் தண்ணீர் நின்றுபோனது. ஏற்பாடு தொடங்குவதற்கு முன்பே செல்கள் செத்துவிட்டன. பசை கரையவே இல்லை. அந்தக் கிளை இலைகளைப் பிடித்து வைத்திருக்கவில்லை, பிள்ளைகளே. விடுவதற்கு அதனிடம் உயிர் இல்லை.

எத்திலீன் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. மண்ணுக்கடியில் குழாய் ஒழுகிய இடங்களில் பக்கத்து மரங்கள் காலம் தப்பி இலையை உதிர்த்தன. ஏன் என்று விளங்கவில்லை. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் தான் வளர்த்த பட்டாணி நாற்றுகள் நேராக வளராமல் பக்கவாட்டில் படுத்துக்கொள்வதைப் பார்த்தார். வெளிக்காற்றில் வைத்தால் அவை ஒழுங்காக நிமிர்ந்தன. விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். செடிகள் தாங்களே அந்த வாயுவைச் செய்கின்றன என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. நம் வீட்டு வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் அதே எத்திலீன்தான். காயைக் கனியாக்குகிறது; பழுத்த இலைக்கு விடை கொடுக்கிறது.

இன்னொரு வேடிக்கை. 1960களில் பருத்திக் காய்கள் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். உதிர்தலுக்கு இதுதான் காரணம் என்று எண்ணி, உதிர்தல் என்ற சொல்லை வைத்தே அதற்கு அப்சிசிக் அமிலம் என்ற பெயர் வந்தது. இலை உதிர்வதில் நேரடியான பங்கு எத்திலீனுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. அப்சிசிக் அமிலத்தின் பெரிய வேலை, வறட்சியில் இலைத்துளைகளை மூட வைப்பது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. விஞ்ஞானத்திலும் பழைய பெயரை விடுவது கஷ்டம்போலும்!

மரம் ஏன் இலையை உதிர்க்க வேண்டும்? தண்ணீர்க் கணக்குதான். வேர் 100 குடம் தண்ணீர் உறிஞ்சினால் 95 குடத்துக்கும் மேல் இலைத்துளைகள் வழியாக ஆவியாகப் போய்விடும். மழைக்காலத்தில் அது கட்டுப்படியாகும். மாசி, பங்குனியில் ஆகாது. ஆகவே மரம் கடையைக் கொஞ்ச நாள் மூடி வைக்கிறது.

மூடுவதற்கு முன் சரக்கை எடுத்து உள்ளே வைக்குமா, வைக்காதா? இலை சிவக்கும் நாட்களில் அதுதான் நடக்கிறது. பச்சையம் சிதைகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் ஏறத்தாழ பாதியை மரம் இலையிலிருந்து திரும்ப இழுத்துக் கிளையில் சேர்த்துக்கொள்கிறது. மஞ்சள் நிறம் முன்பே இலைக்குள் இருந்தது. பச்சை போனதும் தெரிகிறது, அவ்வளவுதான். சிவப்பு அப்படியல்ல. ஆந்தோசயனின் என்ற அந்தச் சாயத்தை மரம் புதிதாகச் செய்கிறது. விழப்போகிற இலைக்கு எதற்குச் செலவு செய்து சாயம் பூச வேண்டும்? சத்தை இழுத்து முடிக்கும்வரை கடும் வெயில் இலையைக் கெடுத்துவிடாமல் காக்கும் குடை அது என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

கால்சியத்தை மரம் திரும்ப எடுப்பதில்லை. அது இலையோடு மண்ணுக்குப் போகிறது. மணியடிக்கிற தாத்தா சருகை எரிக்காமல் வளாகத்தின் கொய்யா மரத்தடியில் குவிப்பார். அவர் படித்ததில்லை, ஆனால் சரியாகத்தான் செய்கிறார். வண்ணமீன் வளர்க்கிறவர்கள் வேறு ஒரு காரியத்துக்காக இந்தச் சருகைத் தேடி வருவார்கள். வாதாம் சருகைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் தேநீர் நிறமாகும். சண்டை மீனுக்கு அது நல்லது என்பது அவர்கள் அனுபவம்.

அப்போதுதான் ஒரு பையன் கையைத் தூக்கினான். மனப்பாட வசனப் போட்டியில் எப்போதும் பரிசு வாங்குகிறவன். “அக்கா, முதலாம் சங்கீதத்து மரம் இலையை உதிர்க்காதுன்னு இருக்கே. அப்போ இலை உதிர்க்கிற மரம் கெட்ட மரமா?”

நல்ல கேள்வி. அந்தச் சங்கீதத்து மரம் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். “நீர்க்கால்கள் ஓரம்” என்றான். அதில்தான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் தீராத இடத்தில் நிற்கிற மரத்துக்குக் கடையடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இலைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைச் சங்கீதக்காரர் நன்றாகவே கவனித்திருக்கிறார். ஆனாலும் பசுமை மாறாத மரத்தடியிலும் சருகு விழும். மாமரத்தடியைப் பெருக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். அது ஒரே மூச்சில் கொட்டாமல் சில்லறை சில்லறையாக விடுகிறது. புதிய இலை அதற்குள் வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

உலகத்தில் தன் இலையை உதிர்க்கவே உதிர்க்காத செடி ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அங்கோலா, நமீபியா நாடுகளின் பாலைவனத்தில் வளரும் வெல்விட்சியா. பிரெடெரிக் வெல்விட்ச் என்ற தாவரவியலார் 1859இல் அதைப் பார்த்தார். முளைத்தபோது இருக்கும் வித்திலைகளை விட்டுவிட்டால், வாழ்நாள் முழுவதற்கும் அதற்கு இரண்டே இலைகள். அந்த வாழ்நாள் பல நூறு ஆண்டு. ஆனால் அந்த இலைகள்கூட அடிப்பக்கத்தில் வளர்ந்துகொண்டே இருக்க, நுனிப்பக்கம் காற்றிலும் மணலிலும் நார்நாராகக் கிழிந்து காய்ந்துகொண்டே போகிறது. உதிராத இலையும் ஒரு முனையில் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வேதாகமத்தில் வாதுமை மரம் என்று படிக்கும்போது எங்கள் பிள்ளைகள் இந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். எரேமியா தன் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் காண்கிற வாதுமைக் கிளை இது இல்லை. நம் நாட்டு வாதாம் மருத மரத்துக்கும் கடுக்காய்க்கும் உறவு. எரேமியா பார்த்தது ரோஜா குடும்பத்தைச் சேர்ந்த மரம். கடையில் விற்கும் பாதாம் பருப்பு அதிலிருந்துதான் வருகிறது. இஸ்ரவேல் நாட்டில் குளிர்காலம் முடிவதற்குள், ஒரு இலைகூடத் துளிர்க்காத வெறும் கிளையில் அது பூத்துவிடும். மற்ற மரங்கள் தூங்கும்போது விழித்துக்கொள்வதால் எபிரெய மொழியில் அதன் பெயரிலேயே விழித்திருத்தல் என்ற பொருள் இருக்கிறது.

இயேசுவும் மரம் பார்த்தவர்தான். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் அத்திமரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். அதன் கிளை இளசாகித் துளிர்விட்டால் கோடை கிட்ட வந்துவிட்டது என்று தெரியும் என்கிறார். அந்த நாட்டின் ஒலிவ மரம் ஆண்டு முழுவதும் பசுமை. அதைப் பார்த்துப் பருவம் சொல்ல முடியாது. குளிரில் இலை முழுவதையும் விட்டுவிட்டு மொட்டையாக நிற்கிற அத்திதான் நாள்காட்டி. அந்தத் துளிர் எங்கிருந்து வருகிறது? இலை விழுந்த பிறகு மரம் அவசரமாக யோசித்துச் செய்ததில்லை. ஒவ்வொரு இலையின் கக்கத்திலும், அதாவது காம்பு கிளையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன மொட்டு இலை பச்சையாக இருக்கும்போதே உட்கார்ந்திருக்கிறது. தாழ்ந்த கிளையை வளைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு சிறுமி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது எப்பவோ வந்தாச்சே!” என்றாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். மரம் நமக்குப் பிரசங்கம் பண்ணுவதற்காக இலை உதிர்ப்பதில்லை; தண்ணீர் போதாததால் உதிர்க்கிறது. அதன்மேல் நம் பாடத்தை ஏற்றும்போது பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆனாலும் லெந்து நாட்கள். பிள்ளைகளில் ஒருத்தி மிட்டாயை விட்டிருந்தாள், ஒருவன் கார்ட்டூனை விட்டிருந்தான். “விடுறதுக்குக் கஷ்டமா இருக்கிறது எது?” என்று கேட்டேன்.

ஒரு பையன், தன் சைக்கிளை உடைத்த தம்பியை மூன்று மாதமாக மன்னிக்கவில்லை என்றான். மேலே தொங்கிய முறிந்த கிளையை அவனே பார்த்துக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. யோவான் 15ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்து வாசிக்கச் சொன்னேன். திராட்சச் செடியில் நிலைத்திருக்கிற கொடியும், அதைவிட்டுப் பிரிந்து உலர்ந்துபோகிற கொடியும் அங்கே வருகின்றன. மன்னிக்கிற பலம் கொடிக்குச் சொந்தமானதல்ல, செடியிலிருந்து ஏறி வருவது என்று நான் நம்புகிறேன்.

கேள்வி கேட்ட அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு வேறு கவலை. அப்பாவுக்கு மாற்றலாகி ஜூன் மாதம் சென்னைக்குப் போகிறார்கள். இந்த ஊரையும் சிநேகிதிகளையும் விட வேண்டும். அவளிடம் நைட்ரஜன் கணக்கை மறுபடி சொன்னேன். மரம் வெறுங்கையோடு விடுவதில்லை. இலையில் இருந்த நல்லதை முதலில் உள்ளே எடுத்துக்கொள்கிறது. பாட்டு, சிநேகிதிகளின் முகவரி, கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதனாக நின்று சிரித்துவிட்டது, எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ள இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்த பொடியன் ஒருவன் எழுந்தான். “அக்கா, இலை வேலை செய்யலைன்னா மரம் கழட்டி விட்டுடுது. அப்போ வேலை செய்ய முடியாத தாத்தா பாட்டியையும் விட்டுடலாமா?”

ஒரு நொடி எல்லாரும் அமைதி. விளக்குமாற்றோடு பின்னால் நின்ற மணியடிக்கிற தாத்தாதான் முதலில் சிரித்தார். “என்னைய எப்பம்மா கூட்டித் தள்ளப் போறீக?” என்றார்.

தயங்கினேன் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். மரத்துக்குக் கணக்குத் தெரியும், அன்பு தெரியாது. இலை மரத்தின் ஓர் உறுப்பு. தாத்தா நம் உறுப்பல்ல, அவர் ஓர் ஆள். லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பன் 99 ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிறான். எந்த மரமும் அப்படிச் செய்யாது. உதிர்ந்த ஓர் இலையைத் தேடி வேரைப் பிடுங்கிக்கொண்டு போன மரம் உலகில் இல்லை. எப்படி விடுவது என்பதை வாதாம் மரத்திடம் கேட்கலாம். எதை விடுவது என்று அதனிடம் கேட்கக் கூடாது; அதற்கு வேதத்தைத் திறக்க வேண்டும். கோபத்தை விடலாம், பழைய சண்டையை விடலாம், நான்தான் முதல் என்கிற எண்ணத்தை விடலாம். ஆட்களை விடுவதற்கு இந்த மரம் சாட்சி சொல்லாது.

பொடியன் திருப்தியாக உட்கார்ந்துவிட்டான். தாத்தா மிச்சச் சருகைக் கொய்யா மரத்தடிக்கு அள்ளிக்கொண்டு போனார்.

வீட்டிலோ பள்ளியிலோ நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கோலியஸ் செடி இருந்தால், ஓர் இலையின் பரப்பை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு காம்பை அப்படியே விடுங்கள். ஆக்சின் அனுப்ப இலை இல்லாததால் சில நாட்களில் அந்தக் காம்பு தானாக விழும். பக்கத்துக் காம்புகள் விழாது. வாதாம் மரம் இருந்தால், சிவக்கத் தொடங்கும் இலை ஒன்றின் காம்பில் வண்ண நூல் கட்டுங்கள். நிறம் மாறுவதைத் தினமும் எழுதிவைத்து, விழுந்த தேதியையும் குறியுங்கள். இலை இருந்த இடத்து வடுவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும், அவை தண்ணீர் வந்த குழாய்களின் அடைபட்ட வாய்கள். நூலை மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள். காம்பு அறுந்தால் கணக்குத் தப்பிப்போகும்.